குமரி மாவட்டத்துக் கோடையும் புழுக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் திருத்தணியிலும்தானே 40, 42 டிகிரி அடிக்கிறது? நம் ஊரில் எங்கே வெப்ப அலை?

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். நாகர்கோவிலில் கோடையிலும் பல நாட்கள் 33, 34 டிகிரியிலேயே நின்றுவிடும். வானிலை ஆய்வுத் துறை கடலோரத்துக்குத் தனி அளவு வைத்திருக்கிறது. சமவெளி ஊர் என்றால் 40 டிகிரியாவது தொட வேண்டும். கடற்கரை ஊர் என்றால் 37 டிகிரி தொட்டு, அந்த நாட்களுக்கு வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை.

அந்த அறிவிப்பு வராத நாளிலும் ஆள் சாயலாம் என்பதுதான் இங்கே விஷயம். உடம்பு தன் சூட்டை இறக்குவது வியர்வையால். வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் குளமும் வாழையும் ரப்பரும் என்று இருக்கிற மாவட்டத்தில் காற்றே ஈரம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்குமே தவிர காயாது. 32 டிகிரி வெப்பத்தோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்புக்கு அது 40, 41 டிகிரி மாதிரி. அதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூட்டிக்கொள்ளலாம்.

அதனால் செல்போனில் வானிலை பார்க்கும்போது டிகிரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஈரப்பதத்தையும் பாருங்கள். அதைவிட எளிய வழி, கொடியில் போட்ட துணி. நல்ல வெயில் அடித்தும் துணி காய நேரமெடுத்தால் உங்கள் வியர்வையும் அப்படித்தான் காயப்போகிறது.

கத்திரி வெயிலுக்குத்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கத்திரி மே மாதம் முதல் வாரத்தில் தொடங்குகிறது. ஆனால் நாம் இருப்பது தமிழ்நாட்டின் தென்கோடி. சூரியன் நமக்கு நேர் உச்சியில் வந்து நிற்பது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே. உச்சி நேரத்தில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். சித்திரை விஷுவுக்குக் கொன்றைப்பூ தேடும் நாட்கள்தான் அவை. மே பாதிக்குமேல் கோடை மழையும், அதற்குப் பின்னால் தென்மேற்குப் பருவமழையும் வரத் தொடங்கிவிடும். ஆகவே நமக்குப் பங்குனியிலிருந்தே கவனம் வேண்டும். சாயங்காலம் ஒரு மழை பெய்துவிட்டு மறுநாள் காலை சுள்ளென்று வெயில் அடிக்கிற நாளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டும், புழுக்கம் ஆளைக் கொல்லும்.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்?

வீட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போதும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் லிட்டர் கணக்கைவிட சிறுநீரின் நிறம் நம்பகமானது. வெளிர் மஞ்சள் என்றால் சரி. கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) நிறத்துக்குப் போனால் உடனே குடியுங்கள். வெயிலில் வேலை செய்பவர் தாகத்துக்குக் காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். அதற்காக ஒரே மூச்சில் ஒரு குடத்தைக் கவிழ்ப்பதும் ஆபத்துதான். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி, சில நேரம் வலிப்புகூட வரும்.

இங்கே பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்டி ஆபீஸில் முந்திரி உடைப்பவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எனப் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை: ஒதுங்க இடமில்லை, இருந்தாலும் உள்ளே நுழைய முடியாது. அண்டி வறுக்கும் கூடத்துச் சூட்டில் காலையிலிருந்து மதியம் வரை அரை லிட்டர் தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் சிறுநீர்த் தொற்று, கல், மயக்கம் எல்லாம் வரிசையாக வரும். இதற்குக் ‘நிறைய தண்ணீர் குடியுங்கள்’ என்று நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை. முதலாளி ஒரு சுத்தமான கழிப்பறை கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அக்கானி (பதநீர்), கருக்கு (இளநீர்), நுங்கு, மோர், சர்பத்: எது நல்லது?

உப்புப் போட்ட மோரும் பழங்கஞ்சியும்தான் என் ஓட்டு. சின்ன உள்ளி, கொஞ்சம் உப்பு, ஒரு காந்தாரி மிளகாய் சேர்த்த பழங்கஞ்சியில் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் இருக்கின்றன. வயலுக்குப் போனவர்கள் காரணமில்லாமல் அதைக் குடித்துவிட்டுப் போகவில்லை.

அக்கானி நல்லதுதான், ஆனால் சர்க்கரை அதிகம். நீரிழிவு உள்ளவர்கள் ஆசைக்கு ஒரு வாய். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், நேரம் ஆக ஆகப் புளிக்கும். கருக்கில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. எனவே சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நுங்கைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சர்பத் கடையில் கவனிக்க வேண்டியது ஐஸை. மீனுக்குப் போடுகிற கட்டி ஐஸும் குடிக்கிறதுக்கான ஐஸும் ஒன்றல்ல. கோடையில் வருகிற வயிற்றுப்போக்குக்கும் மஞ்சள் காமாலைக்கும் இப்படிப்பட்ட ஐஸ் ஒரு வழி. கடைக்காரரிடம் ‘ஐஸ் வேண்டாம் அண்ணே’ என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கையில் இல்லாவிட்டால்?

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சீனி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல. உப்பு கூடினால் கெடுதல். பொட்டலம் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுக்கு முழுதாகக் கரையுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் குடிப்பது தவறு. எந்தக் கரைசலாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம்.

ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவரோடு பேசிப் பாருங்கள். பெயர் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறார், நிறைய வியர்த்திருக்கிறது, தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் இழுக்கிறது என்றால் அது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். அல்லது உப்பு மோரை மெல்ல மெல்லக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேற வேண்டும். தேறவில்லை என்றால் மருத்துவமனை.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், எழுந்து தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, அல்லது நினைவே இல்லை. தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. இது வெப்பத் தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே அவரைக் குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் 20 நிமிடம்தான் உயிரைத் தீர்மானிப்பது.

எப்படிக் குளிர்விப்பது? கையில் இருக்கும் தண்ணீரைத் தலையிலிருந்து கால் வரை ஊற்றுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள். கூடவே ஃபேனோ அட்டையோ முறமோ எதை வைத்தாவது வீசுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வீசாவிட்டால் தண்ணீர் சும்மா உடம்பில் நிற்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மூன்றிலும் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வேலை செய்துகொண்டிருந்த இளவயதுக்காரர் என்றால் குளிர்ந்த நீரில் கழுத்து வரை அமிழ்த்துவதைவிட வேகமான வைத்தியம் கிடையாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் ஐஸுக்கும் பெரிய மீன் பெட்டிக்கும் பஞ்சமே இல்லை. ஒருவர் தலையை நீருக்குமேல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளத்துக்கோ சானலுக்கோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மூழ்கிவிடும் அபாயம் உண்டு.

தடுப்பதற்கு யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். ‘சூடா இருக்கிற உடம்புல பச்சத் தண்ணி ஊத்தாதே மக்களே, ஜன்னி வந்திரும்’ என்பார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் கேட்க வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்: தண்ணீர், சோடா, காப்பி எதுவும். நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மயங்கி விழுந்தவருக்குத்தான் நன்றாக வியர்க்கிறதே, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லைதானே?

இந்த நம்பிக்கை ஆளைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் வயதானவர்களுக்கு வியர்வை நின்று தோல் உலர்ந்துபோவது வழக்கம். செங்கல் சூளையிலோ உப்பளத்திலோ உழைத்துக்கொண்டே விழுபவருக்குச் சட்டை நனைந்திருக்கும்போதே ஸ்ட்ரோக் வரலாம். வியர்வையைப் பார்க்காதீர்கள், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் சூடு இறங்குமா?

இறங்காது. பாரசிட்டமால் தொற்றினால் வரும் காய்ச்சலுக்குத்தான். இந்தச் சூட்டில் அதனால் பயனில்லை. ஏற்கனவே திணறும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை.

ஊரில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நான் வளைகுடாவில். என்ன சொல்லி வைப்பது?

குமரி மாவட்டத்தில் பாதித் தெருக்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். பெரிய வீடு, கேட்டில் பூட்டு, உள்ளே எழுபதைத் தாண்டிய இரண்டு பேர். திருட்டுப் பயத்தில் சன்னல்களை மூடியே வைத்திருப்பார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து, நீங்கள் வாங்கிக் கொடுத்த ஏசியில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். வயதானால் தாகம் தெரிவது குறைந்துவிடும். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டால் ‘குடிச்சேன் மக்களே’ என்றுதான் பதில் வரும்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். காலையில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை நிரப்பி மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். மாலையில் வீடியோ காலில் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை அழைத்துப் பேசுங்கள். நாளின் மோசமான நேரம் அதுதான், பேச்சில் குழப்பம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். அடுத்த வீட்டில் ஒருவரிடம் சாவியும் உங்கள் எண்ணும் இருக்கட்டும். ஏசி போட மாட்டோம் என்று அடம்பிடித்தால் மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் போடச் சொல்லிப் பேரம் பேசுங்கள். அதற்கே பலன் உண்டு.

மாடி அறையில் ராத்திரி தூங்கவே முடியவில்லை. வெயில் போன பிறகும் ஏன் இவ்வளவு சூடு?

ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மாடி அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். இட்லிச் சட்டியின் மூடி மாதிரி கை சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் வார்ப்பு அப்போதுதான் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் தலையில் தள்ளும். பழைய ஓட்டு வீட்டில் சூடு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கியும் விடும். இடுக்குகள் வழியாகக் காற்றும் போகும். அதை இடித்துவிட்டு வார்ப்பு போட்டது போட்டாயிற்று, இனி வழியைப் பார்ப்போம்.

பங்குனி பிறக்கும் முன்பே மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டோ இரண்டு தடவை அடியுங்கள். செலவு குறைவு, பலன் நிச்சயம். தென்னை ஓலை பரப்பினாலும் நல்லது, தீப்பொறி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் வேண்டும். உள்ளே திரை போட்டால் கண்ணாடி வழியாகச் சூடு ஏற்கனவே வந்துவிட்டது. குழந்தைகளும் வயதானவர்களும் இந்த இரண்டு மாதம் கீழ்த்தளத்தில் படுக்கட்டும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீட்டில் இருப்பவர்கள் மதியம் வெளியே மரநிழலில் இருப்பதே மேல்.

பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். நீர் பிரிவதற்கான மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், மனநல மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகள் ஆகியவை வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். கோடை தொடங்கும்போதே ஒரு தடவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரக நோயாளிகளும் அவர் சொன்ன தண்ணீர் அளவைத்தான் பின்பற்ற வேண்டும். மேலே சொன்ன மூன்று லிட்டர் உங்களுக்கு அல்ல.

இன்சுலினைப் பைக்கின் பெட்டியிலும் காரிலும் விட்டுவிடாதீர்கள். திறக்காத குப்பி ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல. பயன்பாட்டில் இருப்பதை 30 டிகிரிக்குள் வைத்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணலில் வைத்த மண்பானை உதவும். ஆனால் காற்று ஈரமாக இருக்கும் நாளில் பானையும் மந்தமாகத்தான் குளிரும்.

கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

ஆறு மாதம் வரை வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள், தாய் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். துண்டால் சுற்றி மூடி வைக்காதீர்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூடத் தனியாக விட வேண்டாம்.

வெயிலில்தான் எங்கள் பிழைப்பே. பதினொன்று முதல் மூன்று வரை வெளியே போகாதே என்றால் எப்படி?

அந்த அறிவுரை ஆபீசில் இருப்பவர்களுக்கு எளிது. தொழிலுக்குத் தொழில் வழி வேறு.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள், ஓரளவு தப்பினார்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் சாமிதோப்பு, புத்தளம் உப்பளங்களிலும் அப்படி இல்லை. உப்பளத்தில் மேலேயிருந்தும் வெயில், பாத்தியிலிருந்து எதிரொளித்தும் வெயில். அங்கெல்லாம் வேலையை விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் பிரிப்பதும், மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் நிழலில் உட்காருவதும்தான் வழி. புதிதாக வந்தவரை முதல் நாளே முழு வேலைக்கு இறக்காதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். வடமாநிலத்திலிருந்து வந்தவர், ‘அங்கே 45 டிகிரி பார்த்தவன்’ என்று சொன்னாலும் அது வறண்ட சூடு, இந்தப் புழுக்கம் அவருக்குப் புதிது.

கடலுக்குப் போகிறவர்களில் சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை தொடங்குவது ஜூன் 1-இல், ஆகவே ஏப்ரல், மே முழுக்க நடுக்கடல் வெயில். வள்ளத்தில் நிழலே கிடையாது. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் ஒரு தார்ப்பாயும் ஏற்றுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

கோவில், ஊர்வலம், சுற்றுலா என்று வெளியே போகும்போது?

சிவாலய ஓட்டம் சிவராத்திரிக்கு வருகிறது, அப்போதே பகல் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவில், நூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் ஓட்டமும் உச்சிவெயிலில் ஓய்வுமாகத் திட்டமிடுங்கள். கொல்லங்கோடு கோவிலின் தூக்கத் திருவிழாவுக்குக் கைக்குழந்தையோடு வருபவர்கள் வரிசையில் நிற்கும்போதே பால் கொடுக்கத் தயங்க வேண்டாம். குருத்தோலை பவனிக்கும் சிலுவைப் பாதைக்கும் வயதானவர்களைக் காலைப் பொழுதிலேயே கூட்டிப் போய்விடுங்கள்.

நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு விவேகானந்தர் பாறையிலோ சுசீந்திரம் கோவில் வெளியிலோ மதியம் நடந்தால் கல் சுடுவது உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கு ஆகும். தடிமனான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது காலை எட்டு மணிக்குள் போய் வந்துவிடுங்கள்.

புழுக்கம் தாங்கவில்லை, கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

கோடையில் நம் கடல் ஏமாற்றும். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் திடீரென்று பெரிய அலை வந்து இழுத்துவிடும். கள்ளக்கடல் என்பது இதுதான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து இங்கே வந்து சேர்கிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். கடலுக்குள் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்போது இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அது வந்த நாளில் கால் நனைக்கக்கூட வேண்டாம், பாறைமேல் நின்று செல்ஃபியும் வேண்டாம். குளிக்க வேண்டும் என்றால் வீட்டுக் கிணற்றடி போதும்.

கோழி, ஆடு, நாய்க்கு?

நிழலும், காலையும் மதியமும் மாற்றிய தண்ணீரும். நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சங்கிலி போட்ட இடத்தில் மதியம் வெயில் வருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

யாரை அழைப்பது? இறந்துபோனால் அரசு உதவி உண்டா?

ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தக்கலை அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனால் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று பார்க்காமல் பக்கத்தில் இருப்பதற்கு முதலில் போங்கள்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று மட்டும் எழுதப்பட்டுவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, உடல் வெப்பத்தையும் அளந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் கொடுங்கள்.